மும்பையில் ஒரு போக்குவரத்து அருங்காட்சியக டிரஸ்டில் சம்பளமில்லாத டிரஸ்டியாக வரச் சொல்கிறார்கள். உண்மையில் என்ன வேலை, ஒப்புக்கொள்ளும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய பஸ், ரயில் என்றால் உயிர் என்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஆசை தீர ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஸ்பானர் பிடிக்கும் தன்னார்வலராகப் போனால் போதும், சந்தோஷமும் அங்கேதான் அதிகம். டிரஸ்டியின் வேலையில் முக்கால்வாசி காகிதமும் பணமும். மீதி, நல்ல மனதோடு வண்டி கொடுக்க வருகிறவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது. இந்தக் கடைசி வேலையைச் செய்ய ஆளில்லாத அருங்காட்சியகம் பத்து வருஷத்தில் காயலான் கடையாகிவிடும்.

டெல்லி சாணக்யபுரியில் 1977-ல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் ரயில்வே அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. இங்கே மும்பையில் ஆனிக் டிப்போவில் இருப்பது, மாநகர பஸ்களை ஓட்டும் பெஸ்ட் நிறுவனத்துடையது. அங்கெல்லாம் தீர்மானிப்பவர்கள் அதிகாரிகள், பணம் துறையிலிருந்து வரும். ஹரியானாவின் தாவ்ருவில் 2013-ல் திறந்த ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம் போன்றவை தனி டிரஸ்ட் நடத்துபவை. உங்களை அழைப்பது இந்த இரண்டாவது வகை என்றுதான் தெரிகிறது. இதில் கடைசிக் கையெழுத்தும் டிரஸ்டிகளுடையது, கடைசிப் பழியும் அவர்களுடையது.

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் சபா கமிட்டியில் இருந்த பழக்கத்தில் பல தமிழர்கள் இதையும் அதே மாதிரி நினைத்து வருகிறார்கள். சபாவில் சீசன் முடிந்தால் கணக்கை மூடிவிடலாம். இங்கே உள்ளே வந்த பஸ் வெளியே போகும்வரை ஒவ்வொரு ஆண்டும் செலவு வைக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்டு வாங்க வேண்டியவை: டிரஸ்ட் டீட், 'ஷெட்யூல் ஒன்று' எனப்படும் டிரஸ்ட் பதிவேட்டின் சான்றிட்ட பிரதி, மூன்று ஆண்டு ஆடிட் அறிக்கை, மினிட்ஸ் புத்தகம், டிரஸ்டின் வருமான வரி விலக்குக்கான 12ஏபி உத்தரவு, நன்கொடையாளரின் வரிச் சலுகைக்கான 80ஜி உத்தரவு, நிலத்தின் லீஸ் அல்லது லைசென்ஸ் ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் பாலிசிகள். "எல்லாம் சி.ஏ. கிட்ட இருக்கு" என்ற பதில் வந்தால் சி.ஏ. அலுவலகத்துக்கே போய்ப் பாருங்கள்.

இவற்றில் முதலில் திறக்க வேண்டியது ஷெட்யூல் ஒன்று. மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டம், 1950-ன்படி சாரிட்டி கமிஷனர் அலுவலகம் வைத்திருக்கும் இந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் காகிதப்படி டிரஸ்டி. டிரஸ்டி மாறினால் 90 நாளுக்குள் 22-ஆம் பிரிவின் கீழ் அந்த அலுவலகத்துக்கு அதைத் தெரிவிக்கும் சேஞ்ச் ரிப்போர்ட் போட வேண்டும். பல டிரஸ்டுகளில் இது ஆண்டுக்கணக்கில் போடப்படாமல், அல்லது போட்டு முடிவாகாமல் கிடக்கும். பதிவேட்டில் இறந்துபோனவர்கள் இன்னும் டிரஸ்டிகளாக இருப்பார்கள். விளைவு அன்றைக்கே தெரியாது. வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போதும், நிலத்துக்காரரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும், பெரிய நன்கொடையாளரின் வக்கீல் கேள்வி கேட்கும்போதும்தான் எல்லாம் நின்றுபோகும். ஆகவே பழைய சேஞ்ச் ரிப்போர்ட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுத்தில் கேளுங்கள். முந்தைய மாற்றங்கள் தொங்கிக்கொண்டிருந்தால் உங்களுடையதும் அந்த வரிசையில்தான் நிற்கும்.

அடுத்தது, அருங்காட்சியகத்தில் இருப்பது உண்மையில் யாருடையது? பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு குடும்பம் 1950-களின் காரைக் கொண்டுவந்து விட்டிருக்கும். அவர்கள் கொடுத்தார்களா, பார்வைக்கு வைக்கச் சொன்னார்களா என்று எதிலும் எழுதியிருக்காது. டிரஸ்ட் தன் பணத்தில் பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தபிறகு, அடுத்த தலைமுறை வந்து "அப்பாவோட வண்டி" என்று சாவியைக் கேட்கும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேர்க்கை எண், யார் கொடுத்தது, எந்தத் தேதி, கொடையா இரவலா, இரவல் என்றால் எத்தனை ஆண்டு, பழுதுச் செலவு யாருடையது என்று பதிவேடு இருக்க வேண்டும். டிரஸ்டின் அசையும், அசையாச் சொத்துகளுக்குப் பதிவேடு வைப்பது 36பி பிரிவின்படி அதே சட்டத்தில் கட்டாயமும்கூட. ஆடிட்டர் அதில் "பழைய வாகனங்கள் – மொத்தமாக" என்று ஒரு வரி போட்டு முடித்திருந்தால் அது பதிவேடே இல்லை. வாகனத்துக்கு சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் போட்டோவோடு இருக்க வேண்டும். "நிரந்தர இரவல்" என்ற வார்த்தையைக் கண்டால் நீக்கச் சொல்லுங்கள். அது கொடையும் இல்லை, இரவலும் இல்லை.

ரயில் பொருட்களில் இன்னும் கவனம் தேவை. பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் வாங்கிய பித்தளைக் கை விளக்கு, ஸ்டேஷன் பெயர்ப்பலகை, டோக்கன் கருவியின் பாகம் என்று ஆர்வலர்கள் அன்போடு கொண்டுவந்து தருவார்கள். ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966 இருக்கிறது. திருடப்பட்டதாகச் சந்தேகிக்க இடமுள்ள ரயில்வே பொருள் உங்களிடம் இருந்தால், நேர்வழியில் வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஏல டெலிவரிச் சீட்டு அல்லது ரயில்வேயின் கடிதம் இல்லாமல் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று போர்டு ஒரு தீர்மானம் போட்டுவிட்டால், ஷெட்டில் நிற்கும் தன்னார்வலர் சங்கடமில்லாமல் மறுக்கலாம். இந்த மாதிரித் தீர்மானங்கள்தான் ஒரு போர்டு செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

புதிய வண்டி வரும்போது போர்டு கேட்க வேண்டியது, இது எவ்வளவு அழகு என்பதல்ல, கூரைக்குக் கீழே இடம் இருக்கிறதா என்பது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, ஆண்டு முழுக்க உப்புக் காற்று. வெளியே நின்ற பஸ் முதலில் ஜன்னல் ரப்பர் வழியாக நீர் குடிக்கும், பிறகு தரைப்பலகை ஊறும், அதற்கடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்கள் துருப்பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் சட்டம் போயிருக்கும். நீல பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடுவது அதைவிட மோசம், உள்ளே வேர்த்து வேர்த்து இரண்டு மழைக்காலத்தில் மரம் உளுத்துவிடும். பக்கங்கள் திறந்த, கூரை நீண்டு இறங்கிய தகர ஷெட்டே மேல். நிறுத்தி வைக்கும் வண்டியில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்கைக் காலிசெய்து, டயரில் எடை விழாமல் ஆக்ஸில் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். இதெல்லாம் ஷெட் ஆட்களின் வேலை. மே மாதக் கூட்டத்தில் "செய்தாயிற்றா" என்று கேட்டு மினிட்ஸில் ஏற்றுவது டிரஸ்டியின் வேலை.

2023 செப்டம்பரில் பெஸ்ட் பழைய டபுள் டெக்கர்களை நிறுத்தியபோது ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஊரே பேசியது. நியாயமான ஆசைதான். ஆனால் டபுள் டெக்கர் உயரம் நாலரை மீட்டர் அளவு. லோ-பெட் டிரெய்லரில் ஏற்றினால் இன்னும் ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடும். வழியில் உள்ள ஒவ்வொரு பாலத்தையும் கேபிளையும் மரக்கிளையையும் அளந்து பார்க்காமல் புறப்பட முடியாது. வந்து சேர்ந்தபிறகு ஆறு மீட்டர் உயர ஷெட் வேண்டும். ஆர்டிஓ விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 50 ஆண்டு கடந்த வின்டேஜ் வாகனங்களுக்கு 2021-ல் வந்த விதிகளில் 'விஏ' எழுத்தோடு தனிப் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அது சொந்த உபயோக இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்குத்தான், பஸ்ஸுக்கு இல்லை. "பஸ்ஸை வின்டேஜாகப் பதிந்து ஊர்வலம் விடலாம்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் விதியை எடுத்துக் காட்டுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஒரு பெரிய வாகனத்தைப் பராமரிக்க ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், 7 சதவீத வட்டியில் அதைத் தர சுமார் 21.5 லட்சம் கார்பஸ், அதாவது அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் நிதி, வேண்டும். விலைவாசி ஏற்றம் இதில் சேரவில்லை. வண்டியைக் கொடுப்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, பராமரிப்புக்கும் ஏதாவது தர முடியுமா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கார்பஸாகத் தருகிறார் என்றால் அதை அவர் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் வரிக் கணக்கில் சாதாரண வருமானமாகிவிடும். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் அதன்மேல் பாயும்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணத்தில் எல்லோரும் ஆசை வைப்பார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அதற்குத் தகுதியான தலைப்புதான். ஆனால் 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு கார்பஸுக்குக் கொடுப்பதை சிஎஸ்ஆர் செலவாகக் காட்ட முடியாது. ஷெட் கட்ட, ஒரு ட்ராமைச் சீரமைக்க என்று திட்டமாக எழுதினால்தான் வரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு அதற்கு வரிச் சலுகை கிடையாது. கடன் வாங்க வேண்டுமானால் சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். அசையாச் சொத்தை விற்கவும், கட்டடத்தை மூன்று ஆண்டுக்கு மேல் லீஸுக்கு விடவும் அதே அனுமதி தேவை.

யாரும் எதிர்பார்க்காத வலை வெளிநாட்டு ரயில் ரசிகர்கள். இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து உருகி, நூறு பவுண்ட் அனுப்பட்டுமா என்பார். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவும் அதற்காக டெல்லி பாராளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய் மச்சான் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுப்பது பிரச்சினை இல்லை. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்.

பாதுகாப்பு தனி அஜெண்டாவாக ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டும். குழந்தைகள் படிக்கட்டில் ஏறி வழுக்குவது, ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது, பழைய பிரேக் லைனிங்கையும் பாய்லரைச் சுற்றிய வெள்ளைப் பூச்சையும் ஆஸ்பெஸ்டாஸ் என்று தெரியாமல் சுரண்டுவது — விபத்து பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும். நீராவி ரோட் ரோலரையோ எஞ்சினையோ ஓட விட ஆசைப்பட்டால் பாய்லர் இன்ஸ்பெக்டரின் சான்றிதழும் தகுதி பெற்ற அட்டென்டன்ட்டும் வேண்டும். மகாராஷ்டிராவின் 2006 தீயணைப்புச் சட்டப்படி, தீயணைப்பு ஏற்பாடுகள் நல்ல நிலையில் இருப்பதாக உரிமம் பெற்ற ஏஜென்சி தரும் ஃபார்ம் 'பி' சான்றிதழை ஜனவரியிலும் ஜூலையிலும் தர வேண்டும். இன்ஷூரன்ஸில் பார்வையாளர் பொறுப்பும், சம்பளமில்லாத தன்னார்வலர்களுக்கான விபத்துக் காப்பும் இருக்கின்றனவா என்று பாலிசி வாசகத்தையே படியுங்கள். "ஊழியர்கள்" என்று மட்டும் இருந்தால் தன்னார்வலர் அதில் வரமாட்டார்.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஏழெட்டுப் பேரும் பழைய வண்டி சேர்ப்பவர்கள் என்றால் தள்ளியே நில்லுங்கள். சொந்தமாகப் பழைய கார் சேர்ப்பவர் டிரஸ்டியாக இருக்கலாம். ஆனால் அருங்காட்சியகத்துக்கு வந்த வண்டியைத் தனக்கு வாங்குவதோ, தன் வண்டியை டிரஸ்டுக்கு விற்பதோ, ஷெட் மெக்கானிக்கைத் தன் காருக்கு அழைப்பதோ கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பொருளை விற்றால் வந்த பணம் சேகரிப்புக்கே போக வேண்டும், சம்பளத்துக்கோ கரண்ட் பில்லுக்கோ அல்ல. சர்வதேச அருங்காட்சியகக் கவுன்சிலான ஐகாமின் நெறிமுறை சொல்வதும் இதுதான். ஒரு வக்கீல், கணக்குத் தெரிந்த ஒருவர், பள்ளிகளோடு பழக்கமுள்ள ஒருவர் இருந்தால் நல்லது. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலோ பரேல் ஒர்க்‌ஷாப்பிலோ ரிட்டையர் ஆன ஒரு ஃபோர்மேன் கிடைத்தால் விடாதீர்கள், ஒரு எஸ்டிமேட்டைப் பார்த்ததும் எங்கே ஊதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் டிரஸ்டி வெறும் ஹெல்பர் என்பதையும் போர்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். சேர்மனே ஆனாலும் சூப்பர்வைசர் "அந்த நட்டைத் தொடாதீங்க சார்" என்றால் கையை எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை சேர்மன் நேரே பெயின்டரிடம் போய் நிறத்தை மாற்றச் சொல்லும் இடங்களில் நல்ல ஆட்கள் தங்குவதில்லை.

நேரம் எவ்வளவு ஆகும் என்றால், கூட்டம் இல்லாத மாதத்திலும் படிக்க, கையெழுத்திட, அலுவலகங்களுக்கு அலைய இரண்டு மூன்று அரை நாள் போகும். மார்ச் கணக்கு முடிந்ததிலிருந்து ஆடிட் முடியும் செப்டம்பர்வரை பொருளாளருக்கு இன்னும் அதிகம். சம்பளமில்லை என்பதால் பொறுப்பு குறைவதில்லை. பெரும் கவனக்குறைவால் டிரஸ்டுக்கு நஷ்டம் வந்தால் அதை டிரஸ்டியிடமிருந்தே வசூலிக்க சாரிட்டி கமிஷனருக்கு அதிகாரம் உண்டு. ஒரு தீர்மானம் தவறு என்று பட்டால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், உங்கள் மறுப்பை மினிட்ஸில் எழுத வைத்து அடுத்த கூட்டத்தில் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்.

விலகுவதாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் "ரிசைன்" என்று போட்டால் முடிந்துவிடாது. கடிதம் கொடுத்து, போர்டு ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் பிரதி வாங்கி, சேஞ்ச் ரிப்போர்ட் போட்டதன் எண்ணையும் வாங்குங்கள். வங்கிக் கையெழுத்திலிருந்து பெயரை எடுத்ததற்கும் எழுத்தில் ஒரு உறுதி வேண்டும். ஷெட்யூல் ஒன்றிலிருந்து உங்கள் பெயர் நீங்கிய உத்தரவு வரும்வரை அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.