பிள்ளையின் வாக்கியம்

அன்பின் ஐயா,

கொழும்பில் சிறுவர் நலத் துறையில் பணியாற்றுகிறேன். சிறுவர் இல்லமொன்றில் இருக்கும், பெண்ணாகப் பதியப்பட்ட 13 வயதுப் பிள்ளை, தன்னை ஆண் பெயரால் அழைக்கக் கேட்கிறது. தண்டித்தால் சரியாகிவிடும் என்கிறார் இல்லப் பொறுப்பாளர். உடனே பெயரை மாற்றச் சொல்கிறார் எங்களுக்குப் பயிற்சி நடத்தியவர். இங்கிலாந்தில் நடக்கும் வாதங்களைப் படித்து மேலும் குழம்பினேன். அறிக்கையில் என்ன எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இங்கிலாந்தில் சிறுவர்களுக்கான பாலின அடையாளச் சேவைகளை ஆராய்ந்த குழந்தை மருத்துவர் ஹிலரி காஸின் அறிக்கை 2024 ஏப்ரலில் வெளிவந்தது. அது, பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான சான்றுகள் வலுவற்றவை என்றது. அதை மறுக்கும் மருத்துவர்களும் உண்டு. மருந்து எழுதுவது உங்கள் வேலையன்று. ஆனால் பெயரையும் உடையையும் மாற்றுவதும் பிள்ளையின் மனத்தில் விளைவுள்ள தலையீடே என்று காஸ் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு, 2022 முதல், பதியப்பட்ட பாலோடு தன் உணர்வு பொருந்தாத இந்நிலையை உளக்கோளாறுகளின் பகுதியிலிருந்து அகற்றிவிட்டது. அதேவேளை, உடை, விளையாட்டு விருப்பங்களை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே பொறுப்பாளரின் தண்டனைக்கும் இடமில்லை, பயிற்றுநரின் அவசரத்துக்கும் இடமில்லை. நம் சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வழியான, பதிவிலுள்ள பாலை மாற்ற உதவும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழும் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியது.

எஞ்சுவது உங்கள் கோவை. முன்பு நான் இத்தகைய அறிக்கைகளை மொழிபெயர்த்துவந்தேன். "எனக்குச் சட்டை போட விருப்பமில்லை" என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தது. நம் பேச்சில் சட்டை என்றால் கவுன். அது கேட்டது காற்சட்டை. சிங்கள அறிக்கையிலோ 'ஆடை அணிய மறுக்கிறாள்' என்றிருந்தது. அதன் கீழே, வேறொரு கையெழுத்தில், 'ஒழுக்கக் கேடு'. அந்தக் கோவை பல மேசைகளைக் கடந்து போனது.

எனவே பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, திகதியோடு எழுதுங்கள். அந்தப் பெயரை எங்கே, யார் முன்னிலையில் அழைக்கலாம் என்று அதனிடமே கேளுங்கள். ஒருபாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை நினைத்தே அஞ்சும் உறவினர்களுக்கு, பிள்ளை அறியாமல் செய்தி போகக் கூடாது. சிறுவர் மனநல வைத்தியரிடம் அனுப்புங்கள், திருத்துவதற்காக அல்ல, கேட்பதற்காக. அவன், அவள் என்பதில் தடுமாற்றம் இருந்தால், 'பிள்ளை சொன்னது' என்று எழுத நம் மொழி எப்போதோ இடம் தந்திருக்கிறது. அறிக்கை சிங்களத்தில் போவதானாலும் பிள்ளையின் தமிழ் வாக்கியத்தை மேற்கோளுக்குள் அப்படியே விட்டுவையுங்கள். மொழிபெயர்ப்பவர் ஐயமிருந்தால் உங்களிடம் கேட்கட்டும்.