கேள்வி – பதில்: பால் மறக்காத ஆளிக்குட்டி

கேள்வி: மணலி ஆலைக் குழாயின் உச்சியில் இரவில் எரியும் நெருப்பை 'தீ கக்கும் டிராகன்' என்று ஒரு கவிதையில் எழுதினேன். 'டிராகன் நம் மரபே இல்லை, வெட்டிவிடு' என்கிறார் தமிழாசிரியர். வெட்டவா?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஆயா ராயபுரத்தில் மீன்கூடை சுமந்தவர். அவர் சுருக்குப்பையில் ஒரு பழைய இங்கிலாந்துத் தங்கக்காசு இருந்தது. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர், கையில் குட்டை வாள், குளம்படியில் ஒரு பிராணி. கைபட்டுக் கைபட்டு அதன் மூஞ்சி தேய்ந்து, இறக்கையும் சுருண்ட வாலும்தான் மிச்சம். குதிரைக்காரரை நான் அய்யனார் என்றே நம்பியிருந்தேன்.

"கீழ கெடக்கறது என்ன ஆயா?"

"பாம்புடா. நெலாவ முழுங்குமே, அது."

அந்தக் காசின் பெயர் சாவரின். நாம் எட்டு கிராமைச் சவரன் என்பது அதை வைத்துத்தான். அந்த உருவம் 1817இல் பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர் செதுக்கியது. குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ், கீழே கிடப்பது டிராகன். நம் கோட்டைக்கும் இவர் பெயர்தான். (ஜார்ஜ் டவுன் வேறு, அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கணக்கு.) டிராகனை அடகு வைத்து மீட்டுக்கொண்டிருந்த பேட்டை நம்முடையது. எங்கள் டிராகன் அக்கா கல்யாணத்தில் உருகித் தோடாகிவிட்டது.

ஆயா சொன்ன பாம்பு குறளிலும் உண்டு (1146): 'கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று.' அவனைப் பார்த்தது ஒரே நாள். பேச்சோ கிரகணச் சேதி மாதிரி ஊரெல்லாம். அந்தப் பாம்புக்கு எத்தனை தலை, என்ன நிறம்? ஒரு சொல் கிடையாது. வள்ளுவர் பார்ப்பது பாம்பை அல்ல, தெருவில் அண்ணாந்து நிற்கும் ஜனங்களை.

பொருநராற்றுப்படையில் ஆளி வருகிறது. கோயில் தூணில் யாளியாக நிற்குமே, அதுதான். இளம் கரிகாலன் வெண்ணியில் சேரனையும் பாண்டியனையும் ஒரே களத்தில் வீழ்த்துகிறான். அதற்கு உவமை, பால்குடி மறக்காத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது. 'முலைக்கோள் விடாஅ மாத்திரை' என்கிறார் புலவர். கோரைப்பல்லைக் காட்டவில்லை, வாயிலிருக்கும் பாலைக் காட்டுகிறார். மண்ணடி அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்திய காலத்தில், அந்த 'விடாஅ'வில் இருக்கும் 'அ' அச்சுப்பிழை என்று அடித்துவிட்டேன். புலவர் ஐயா ஒருவர் அளபெடையைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். வரி இன்றும் மறக்கவில்லை.

பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் ஒரு டிராகன் 300 ஆண்டு புதையலைக் காக்கிறது. எவனோ ஒரே ஒரு கிண்ணத்தைத் திருடிவிட, கிளம்பி வந்து ஊரைக் கொளுத்துகிறது. எனக்கு அந்தத் தீயைவிட அந்தக் கிண்ணம்தான் மனதில் நிற்கிறது. சீனத்து டிராகனோ மழை தருவது. அதைக் குத்த அங்கே யாரும் குதிரையேறுவதில்லை. அதனால் 'டிராகன்' என்று மட்டும் எழுதினால், உங்களுடையது ஊரைக் கொளுத்துவதா, மழை தருவதா என்று யாருக்கும் தெரியாது.

வெட்டச் சொன்னால் 'தீ கக்கும்' என்பதை வெட்டுவேன்; அது ஆயா காசைவிடத் தேய்ந்துவிட்டது. டிராகன் இருக்கட்டும். காற்று இந்தப் பக்கம் திரும்பும் ராத்திரியில் மூக்கில் என்ன ஏறுகிறது, உங்கள் அம்மா முதலில் எந்த ஜன்னலைச் சாத்துகிறார்? அதை எழுதி ஆசிரியரிடம் மறுபடி காட்டுங்கள்.

கேள்வி: டிராகனுக்குத் தமிழில் என்ன?
– ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

பதில்: தமிழ் வேதாகமத்தில், வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில் 'வலுசர்ப்பம்'. ஏழு தலை, பத்துக் கொம்பு. சொன்னாலே வாய் நிறைகிறது. அதற்காகப் பழக்கடையில் போய் வலுசர்ப்பப் பழம் அரைக் கிலோ என்று கேட்டுவிடாதீர்கள்.