ஹைட் 100% கொடுத்தும் பக்கம் ஏன் நிரம்பவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டுக் கைத்தறிச் சாரிகளுக்கு ஓர் இணையப் பக்கம் செய்கிறேன். முகப்புப் பெட்டிக்கு ஹைட் (உயரம்) 100% கொடுத்தும் பின்னணி நிறம் திரையின் பாதியோடு நின்றுவிடுகிறது. 100விஎச் என்ற திரை அளவுக்கு மாற்றினால் லப்டொப்பில் சரி, போனில் அடியிலிருக்கும் ‘ஓடர் செய்ய’ பட்டன் மறைகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மருதமுனை

பதில்: தங்கச்சி, கல்லடியில் நான் எடுக்கும் வகுப்பிலும் அடிக்கடி வரும் கேள்வி இது. 100% என்றால் எதில் நூறு? திரையில் அல்ல, உங்கள் பெட்டியை உள்ளே வைத்திருக்கும் தாய்ப் பெட்டியின் உயரத்தில். தாய்ப் பெட்டிக்கு நீங்கள் உயரம் சொல்லவில்லை என்றால், உள்ளே இருப்பதை வைத்துத்தான் அதன் உயரம் வரும். பிள்ளை தாயைக் கேட்க, தாய் பிள்ளையைக் கேட்க, ப்ரவுசர் உங்கள் 100%ஐயே விட்டுவிடும். அந்த வழியில் போவதானால் எச்டிஎம்எல், பாடி என்ற வெளிப் பெட்டிகள், இடையிலுள்ள ஒவ்வொரு டிவ் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் ஹைட் 100% வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அதற்குக் கீழே பலிக்காது. அகலம் தானாகவே நிரம்பிவிடுவதால், உயரமும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

விஎச் திரையையே அளப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் போன் ப்ரவுசர்கள், முகவரிப் பட்டை ஒளிந்த பிறகு கிடைக்கும் பெரிய உயரத்தையே 100விஎச் என்று கணக்கெடுக்கின்றன. பக்கம் திறக்கும்போது பட்டை அங்கேயே நிற்கும். அந்த அளவுக்கு உங்கள் பட்டன் கீழே போய்விடும். இதற்காகவே எஸ்விஎச், டிவிஎச் என்ற அலகுகள் 2022இல் சஃபாரி, ஃபயர்பொக்ஸ், குரோம் மூன்றுக்கும் வந்தன. டிவிஎச் பட்டையோடு சேர்ந்து கூடிக் குறையும், உருட்டும்போது பக்கம் துள்ளும். எஸ்விஎச் பட்டை தெரியும்போதுள்ள சின்ன உயரம். உங்கள் பட்டனுக்கு நான் எஸ்விஎச்சைத்தான் சொல்வேன். இப்படி எழுதுங்க:

மின்-ஹைட்: 100விஎச்;
மின்-ஹைட்: 100எஸ்விஎச்;

பழைய போனுக்கு இரண்டாவது வரி விளங்காது. அதைத் தள்ளிவிட்டு முதல் வரியை எடுக்கும். வெறும் ஹைட் வேண்டாம், மின்-ஹைட்தான், அதாவது ஆகக் குறைந்த உயரம். விபரம் கூடினால் பெட்டியும் வளர வேண்டுமே. பட்டை ஒளியும்போது அடியில் மெல்லிய கீற்று தெரியலாம், பாடிக்கும் அதே நிறம் கொடுங்க. பாடிக்கு ப்ரவுசர் தானாகப் போடும் 8 பிக்சல் மார்ஜினை, அதாவது ஓர இடைவெளியை, பூச்சியமாக்குங்க, இல்லாவிட்டால் வீணாக ஸ்க்ரோல் வரும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சாரிப் படத்தையும் பெட்டி நிரம்ப வைக்க, படம் பெட்டியில் பொருந்தும் விதத்தைச் சொல்லும் ஒப்ஜெக்ட்-ஃபிட்டுக்குக் கவர் போடாதீங்க. போனில் இரு பக்கமும் வெட்டுப்பட்டு, விரித்துப் போட்ட சாரியின் முந்தானையே போய்விடும். தறியில் அவ்வளவு பாடுபட்டு இழைத்தது அந்தப் பகுதிதான், வாங்குகிறவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார். கன்டெய்ன் போடுங்க, முழுப் படமும் உள்ளே அடங்கும். சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் இருந்தால் பரவாயில்லை.