முதுகைக் காட்டி உட்காரும் உதவியாளர்

வணக்கம். என் மகனுக்கு 17 வயது. பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். பேச்சு மெதுவாக வரும், வீட்டில் எங்களுக்குப் புரியும். பிளஸ் டூ படிக்கிறான். ஆளுமை வளர்ச்சி வகுப்பு என்று இங்கே விசாரித்தால், மெழுகுவர்த்தி செய்வது, படத்துக்கு வண்ணம் தீட்டுவது என்கிறார்கள். அவனுக்குப் பிடிக்கவில்லை. எதில் சேர்க்கலாம்?
ச., கடையநல்லூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

மெழுகுவர்த்தியைக் குறை சொல்ல மாட்டேன், அதில் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டார் அல்லவா, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

போச்சா என்று ஒரு விளையாட்டு உண்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்து ஒன்று இலக்கு. சிவப்பு ஆறு, நீலம் ஆறு. யார் பந்து வெள்ளைக்கு நெருக்கமாகப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்களுக்கும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. சரிவுப் பலகை ஒன்றில் பந்தை வைத்து உருட்டிவிடுவார்கள். பலகையை நகர்த்திவைக்க உதவியாளர் உண்டு. அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இன்னும் இடது பக்கம், கொஞ்சம் உயரம் என்று ஆடுபவர் சொல்வார், இவர் செய்வார். எங்கே உருட்டுவது என்ற கணக்கு முழுக்க ஆடுபவருடையது. தோற்றால் அந்தத் தோல்வியும் அவருடையதுதான்.

பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்தால் வீட்டிலேயே சரிவு தயார். அவருக்குப் பிடித்தால் ஆடட்டும். அந்த உதவியாளரின் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்கு வெளியிலும்.

பரோட்டா கடைக்குப் போனால் கடைக்காரர் உங்களைப் பார்த்து, "தம்பிக்கு என்ன வேணும்?" என்றுதான் கேட்பார். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நேரமாகும். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கொட்டட்டும். வெளியாட்களுக்குப் பேச்சு புரியவில்லை என்றால் ஆவாஸ் செயலியைப் பாருங்கள். சென்னையில் உருவானது, படத்தைத் தொட்டால் அது பேசும், தமிழிலும். இதெல்லாம் பழகிவிட்டால் கல்லூரியில் என்ன படிப்பது என்ற பேச்சு வரும்போது அவர் சும்மா தலையாட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

அப்புறம், சீக்கிரமே அவருக்கு 18 ஆகிவிடும். சட்டப்படியான முடிவுகளைத் தனியாக எடுக்க முடியாதவருக்கு, குறிப்பிட்ட முடிவுகளுக்கு மட்டும் துணையாக அமர்த்தப்படுபவர்தான் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர். அந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லும்போதுகூட மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஒரே நாளில் வருகிற பழக்கமா அது?

மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்களுக்குப் பக்கம்தான். இளம் வயதில் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. நேரில் போய் விசாரியுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னென்ன பயிற்சி இருக்கிறது, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அவரே கேட்கட்டும்.