முதலில் போனைச் சரிசெய்யுங்கள்

வணக்கம்.

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காகத் திருமங்கலத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள், "பாப்பா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று போனை நீட்டுவார்கள். இப்போது நூலகரே ஒரு மேஜை ஒதுக்கி, சனிக்கிழமை காலையில் இதற்கென்றே உட்காரச் சொல்லியிருக்கிறார். பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் மறுவாரம் அதே ஆள், அதே கேள்வி. "வயசாயிருச்சும்மா, மண்டையில ஏறல" என்கிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் எதை மாற்ற வேண்டும்?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

மண்டையில் ஏறவில்லை என்று அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பல நேரம் கோளாறு போனின் செட்டிங்ஸில் இருக்கிறது. கடையிலிருந்து வரும் போன் இளவயது விரலுக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி அமைந்தது. அதை மாற்றாமல் என்ன சொல்லிக்கொடுத்தாலும் நிற்காது. ஒருவர் முதல்முறை வரும்போது பாடமே வேண்டாம், போனை மட்டும் சரிசெய்யுங்கள். எதை மாற்றினாலும் அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அவர் வாட்ஸாப்பைத் திறக்கும்போது விரலைக் கவனியுங்கள். பெரியவர்கள் பலர் தட்டுவதில்லை, அழுத்துகிறார்கள். விரல் அரை நொடி நின்றுவிட்டாலே போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. ஒரு சின்ன மெனு எழும்புகிறது. விரல் கொஞ்சம் நகர்ந்தால் ஐகானே இடம் மாறிவிடுகிறது. மறுநாள் அது பழைய இடத்தில் இல்லை. அவர் தன் மறதி என்று நினைத்துக்கொள்கிறார். செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்டு டிலே' இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும் என்பதால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் தேடுங்கள். அதை 'லாங்' என்று வையுங்கள். சாம்சங்கில் நொடிக் கணக்கில் கேட்கும், ஒன்றரை நொடி போதும். கூடவே, முகப்புத் திரையை அழுத்திப் பிடித்தால் வரும் அமைப்பில் 'லாக் ஹோம் ஸ்க்ரீன் லேஅவுட்' இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பிறகு ஐகான் நகராது. இந்த இரண்டு மாற்றத்திலேயே பாதிக் கேள்வி குறைந்துவிடும்.

அடுத்து, திரை அணையும் நேரம். புதுப் போனில் பெரும்பாலும் 30 நொடிதான் இருக்கும். கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் திரை அணைந்து பேட்டர்ன் கேட்கும். 2 நிமிடமோ 5 நிமிடமோ வையுங்கள். திரையில் விரலை இழுத்துப் பின்னால் போகும் முறை இருந்தால், கீழே மூன்று பட்டன் வரும் பழைய முறைக்கு மாற்றுங்கள். வழி தப்பினால் நடுப் பட்டனை அமுக்கினால் முகப்புத் திரைக்கு வந்துவிடலாம் என்ற ஒன்றே அவர்களுக்குப் பெரிய தைரியம்.

எழுத்தின் அளவை ஒரேயடியாகக் கடைசி வரை ஏற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் சில பேங்க் ஆப்களில் 'சப்மிட்' பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும். ஒன்றிரண்டு படி ஏற்றிப் பார்த்து, அவர் அடிக்கடி திறக்கும் ஆப்பில் எல்லாப் பட்டனும் தெரிகிறதா என்று சரிபாருங்கள். வாட்ஸாப்புக்குள் எழுத்தளவுக்குத் தனி அமைப்பே இருக்கிறது.

"தொட்டா ஒண்ணும் ஆகல" என்பவருக்கு விரல்தோல் வறண்டிருக்கலாம். திரைமேல் மலிவான தடித்த கண்ணாடியும் ஒட்டியிருந்தால் சுத்தமாக வேலை செய்யாது. நகத்தால் தொட்டாலும் எடுக்காது, விரலின் சதைப்பகுதி பட வேண்டும். ஈரத்துணியில் விரலை ஒற்றித் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லிப் பாருங்கள். "போன் தானாப் பேசுது, யாரோ புகுந்துட்டாங்க" என்று பதறி வருபவரிடம் பெரும்பாலும் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் 'டாக்பேக்' இயங்கிக்கொண்டிருக்கும். போனை இறுக்கிப் பிடித்ததில் இரண்டு வால்யூம் பட்டனும் சேர்ந்து அழுந்தியிருக்கும். அதே இரண்டையும் 3 நொடி சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். அந்தக் குறுக்குவழியையும் ஆக்ஸஸிபிலிட்டியில் அணைத்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சொல்லிக்கொடுப்பது. எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவருக்கு 20 நிமிடம், ஒரே ஒரு வேலை. போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும்; நீங்கள் வாங்கி நாலு தட்டு தட்டிக் கொடுத்தால் வேலை முடியும், ஆனால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. "இது ரொம்ப ஈஸி தாத்தா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஈஸியானதே வரவில்லை என்றால் அவர் மறுவாரம் வரமாட்டார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை, ஐந்து வரிக்கு மிகாமல், அவரே தன் கையால் எழுதட்டும். ஆப் பெயரைவிட உருவம் முக்கியம்: 'பச்சை வட்டம், உள்ளே ரிசீவர்'. அப்டேட்டில் உருவம் மாறும் என்பதால் பக்கத்தின் மேலே தேதி போடுங்கள். எழுதி முடித்ததும் திரையை அணைத்து, பூட்டிய போனிலிருந்து நோட்டை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் திறந்து வைத்த இடத்திலிருந்தே பழகியவர் வீட்டில் ஆரம்பத்திலேயே நின்றுவிடுவார். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு மகன், மகள் படத்தோடு முகப்பிலேயே நேரடி அழைப்பு ஐகான் வைத்துக்கொடுங்கள். முகத்தைத் தொட்டால் போன் போகும்.

பண விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பின் நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அவர்களாகச் சொன்னாலும் கேட்காதீர்கள், நோட்டில் எழுத விடாதீர்கள். நமக்குப் பணம் வர, பின் நம்பர் தேவையே இல்லை என்பதை எல்லோருக்கும் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்று .ஏபிகே கோப்பு (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) வந்தால் தொடவே கூடாது. போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால் துண்டித்துவிடலாம், சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. பணம் போய்விட்டது என்று வந்தால் ஆறுதல் பிறகு, முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930. பிறகு பேங்க். எஸ்எம்எஸ் எதையும் அழிக்கக் கூடாது.

மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இடவசதி தாராளம். ஆனாலும் இந்த வேலைக்கு உங்கள் ஊர் நூலகம்தான் சரி. எழுபது வயதுக்காரர் இரண்டு பஸ் மாறி வரமாட்டார். காலையில் பேப்பருக்கு எப்படியும் வருகிற இடத்தில் மேஜை இருக்க வேண்டும்.

உங்கள் மேஜையால் பெரிய பலன் கிடைக்கப்போவது, பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் கொடுக்கும் ஆயுள் சான்றிதழில். அது பதிவாகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மதுரைப் பக்கம் மில்லில் வேலை பார்த்து பிஎஃப் பென்ஷன் வாங்குபவர்கள் நிறைய. அவர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். ரேகை தேய்ந்து மிஷின் எடுக்காதவர்களுக்கு முகத்தை வைத்தே பதிவு செய்யும் வசதி உண்டு. 'ஜீவன் பிரமான்', 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' என்ற இரண்டு ஆப்பும் வேண்டும். முதலில் ஆப்பரேட்டராக உங்கள் முகத்தைப் பதிய வேண்டும், அதன் பிறகு ஒரே போனில் பலருக்குச் செய்யலாம். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகித் தோற்றுப்போகும். வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்புங்கள். கேட்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். பிபிஓ நம்பரை (பென்ஷன் உத்தரவு எண்) பாஸ்புக்கைப் பார்த்து இரண்டு முறை ஒப்பிடுங்கள், ஒரு எண் தவறினாலும் பிறகு நிராகரித்துவிடுவார்கள். அவர் போனுக்குச் சான்றிதழின் எண்ணான பிரமான் ஐடி எஸ்எம்எஸ்ஸில் வந்த பிறகே எழுந்து போகவிடுங்கள்.

செப்டம்பர் கடைசியிலேயே நூலகரிடம் சொல்லி, பேப்பர் போடும் மேஜைக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டிவிடுங்கள்: ஆதார் அட்டை, பென்ஷன் பாஸ்புக், பிபிஓ நம்பர், ஆதாரில் இணைத்த போன், படிக்கும் கண்ணாடி. கடைசியில் உள்ளதைத்தான் நிறையப் பேர் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள், அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.