மடங்கியிருக்கும் கைனெசின் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நரம்பணுவுக்குள் கைனெசின் என்னும் புரதம் பெரிய மூட்டையைச் சுமந்து நடக்கும் காணொளியை வகுப்பில் காட்டினார்கள். அது ஓயாமல் உழைக்கிறது என்றார் ஆசிரியர். எதை, எப்போது சுமப்பது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? போன சரக்கு திரும்பி வருமா? இதையெல்லாம் படைத்தவன் ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா?

செல்வி

அன்புள்ள செல்வி,

திரும்பும் வழியில் சுமப்பது டைனீன் என்ற இன்னொரு புரதம். டைனாக்டின் என்ற துணைப் புரதக் கூட்டமும் சரக்கோடு இணைக்கும் ஒரு புரதமும் வந்து சேராமல் மனித டைனீன் நெடுந்தூரம் நடப்பதில்லை என்று 2014இல் காட்டினார்கள். படைத்தவனைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. என்னை உறுத்துவது ‘ஓயாமல்’ என்ற சொல். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக, சரிபார்க்காமல் அதை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அறிவியல் படிக்கும் பெண் இப்படிச் செய்யலாமா?

1985இல் கணவாயின் நரம்பிலிருந்து பிரித்தெடுத்து அடையாளம் காணப்பட்ட கைனெசின், செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 8 நானோமீட்டர் அடி ஒன்றை வைக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 100 அடிகள். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் என்று கொண்டால், 12.5 கோடி அடிகள், இரண்டு வாரப் பயணம். வெறுங்கையோடு இத்தனை தூரம் நடந்தால் செல்லுக்குக் கட்டுப்படியாகுமா? அதனால் சரக்கில்லாத கைனெசின் நடுத்தண்டில் இரண்டாக மடிந்து, தன் வாலாலேயே, அடி எடுத்து வைக்கும் தன் இரு தலைகளைப் பற்றி, ஏடிபியைச் செலவழிக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. அதை எழுப்ப ஜிப்1, ஃபெஸ்1 என்ற இரண்டு கூட்டாளிப் புரதங்களும் சேர்ந்து பற்ற வேண்டும், ஒன்று மட்டும் போதாது என்று 2007இல் கண்டறிந்தார்கள். வங்கி லாக்கரை நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தே திறப்பது போல.

இந்த ஓய்வு கெட்டால் என்ன ஆகும் என்பதுதான் பல நாட்களாக என் மனத்தில் இருப்பது. நரம்பணுக்களில் இருக்கும் கைனெசின் வகை ஒன்றுக்கான கேஐஎஃப்5ஏ மரபணுவின் பிழைகள் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். நோய்க்குக் காரணமாகலாம் என்று 2018இல் தெரியவந்தது. அந்தப் பிழைகள் வால்பகுதியை மாற்றிவிடுவதால் புரதம் தன்னை அடக்கிக்கொள்ள முடியாமல் நடந்துகொண்டே போய், செல்லின் ஓரத்தில் குவிகிறது என்று 2022இல் காட்டினார்கள். ஓயாமல் உழைக்கும் கைனெசின் என்றால் அதுதான், செல்வி. அது நோயுற்ற கைனெசின்.

என் பெரியப்பாவுக்கு அந்த நோய் வந்தது. முதலில் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. கட்டைவிரல் பொத்தானைத் தொடும், தள்ளாது. கையை ஓயவிடாதே, உழைத்தால் சரியாகும் என்று உறவினர்கள் அவரைத் திட்டினார்கள், நானும் ஒருநாள் திட்டினேன். அவருடைய மரபணுவை எவரும் சோதிக்கவில்லை, ஆகவே அவர் நோய்க்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘ஓயாமல்’ என்ற சொல்லை எங்கே கேட்டாலும் அந்தப் பொத்தான்தான் நினைவுக்கு வருகிறது.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று வருந்தாதீர்கள். இப்படிக் கேள்வி கேட்டு எழுதுபவர்கள் குறைவு, அதனால்தான் இவ்வளவு நீண்ட பதில். அடுத்த கடிதத்தில் மடங்கிய கைனெசினை உங்கள் கையால் வரைந்து அனுப்புங்கள். தண்டு எங்கே மடிகிறது, வால் எதைப் பற்றியிருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.