பழைய கிட்டார் எந்த வருஷத்தது? கேள்வி பதில்

குளச்சல்: அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த யமஹா. லேபிள்ல 'நிப்பான் கக்கி'ன்னு இருக்கு. டூப்ளிகேட்டா அண்ணே?

இல்லை மக்கா. யமஹாவுக்கு அதுதான் பழைய கம்பெனிப் பேரு. 1987இல் மாத்தினாங்க. உன்னுது அதுக்கு முந்தினது. உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சா மாத்திக்கோ. லேபிள்மேல ஈரத்துணி மட்டும் படக்கூடாது.

தக்கலை: எங்க சபைக் கிட்டார் அந்தக் காலத்து மிஷனரி மீட் ஐயர் கொண்டுவந்ததுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. தாத்தா அதுல வாசிச்சிருக்கார். படம் அனுப்பியிருக்கேன். 200 வருஷம் இருக்கும். பேரு எதுவும் இல்லை. தலையில் சின்ன மூடி, திறந்தா ஒரு நட்டு.

அந்த நட்டுதான் பதில் ஐயா. நெக் வளையாம இருக்க உள்ளே ஓடுற இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட், அதை முறுக்குற நட்டு அது. அமெரிக்கக் கிட்டார் கம்பெனி கிப்சன் அதைக் கொண்டுவந்தது 1920களில். மீட் ஐயர் திருவிதாங்கூர் வந்தது 1810களின் கடைசி. அமெரிக்காவின் பழைய கிட்டார் கம்பெனி மார்ட்டினே 1833இல்தான் தொடங்குச்சு.

தக்கலை, மறுபடியும்: ராடு பிறகு போட்டிருக்கலாமே?
மார்த்தாண்டம்: அதானே, நம்ம ஊர்ல ஆசாரி இல்லையா?

போட்டிருக்கலாம். ஆனா நெக் மேல ஒட்டியிருக்கிற விரல் பலகையை, அதான் ஃப்ரெட் போர்டைப் பேர்த்து, நெக் நீளத்துக்குக் காடி வெட்டித் திரும்ப ஒட்டணும். ஓரத்துல பசைக்கோடு தெரியும். உங்க படத்துல அப்படி ஒண்ணும் இல்லை. இன்னொண்ணு, அந்தக் காலத்துக் கிட்டாருக்குக் குடல் நரம்புதான் கட்டுவாங்க. முன்பலகையை உள்ளே தாங்குற கட்டையும் மெலிசு. இரும்புக்கம்பி இழுத்தா, கம்பியைக் கட்டுற பிரிட்ஜ் தூக்கிரும், முன்பலகை வயிறு தள்ளிரும். உங்களுதுல பலகை நேரா நிக்குது. மார்ட்டின்கூட இரும்புக்கம்பிக்குன்னே வழக்கமா கட்ட ஆரம்பிச்சது 1920களில்தான். தாத்தா அதுல வாசிச்சார்ங்கறதை நம்புறேன். சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் வச்சு முன்பலகையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. கட்டைகள் எக்ஸ் மாதிரி குறுக்கே போகுதா, ஏணிப்படி மாதிரியா, விசிறி மாதிரியான்னு பாக்கணும்.

நாகர்கோவில், ராஜாக்கமங்கலம், இன்னும் மூணு பேர்: கிவ்சன் இருக்கு. கிப்சன்தானே? லட்சம் போகுமா?

இங்கிலீஷ்ல மூணாவது எழுத்து பி இல்லை, வி. கல்கத்தாக் கம்பெனி. நானும் அதுலதான் படிச்சேன், நல்லா வாசிங்க. லட்சம் போகாது. இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

கருங்கல்: நிஜமான கிப்சன். சீரியல் நம்பர் 82145012.

முதல் எண்ணும் அஞ்சாவது எண்ணும் வருஷம்: 85. நடுவுல 214, வருஷத்தின் 214ஆம் நாள். 1985 ஆகஸ்ட் 2. இந்த முறை 1977இல் வந்தது. எண் தலைக்குப் பின்னால அழுத்திப் பதிச்சிருக்கான்னு விரலால தடவிப் பாரு.

முட்டம்: விக்கறதுக்கு முன்னால பாலிஷ் போடலாமா?

வேண்டாம் தம்பி. பழைய வார்னிஷைச் சுரண்டினா வயசு சொல்ற வெடிப்பும் நிறமும் போயிரும், விலையும் அதோட போயிரும். காய்ஞ்ச பருத்தித் துணி போதும்.